துணியும் நுண்ணோக்கியும்

(மஹாவீர் ஜயந்தி விழாவின் சிறுவர் அரங்கில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘என் பள்ளியும் நானும்’ என்னும் தலைப்பில் பேசுமாறு பணித்தார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிக்குச் செல்லும் பேருந்தில் நின்றபடியே செய்யுளை ஒப்பிப்பதும், உணவு இடைவேளையில் ஒரே தயிர்சாதத்தை நால்வர் பகிர்வதும் என்று சொல்ல எவ்வளவோ உண்டு. ஆயினும் இவ்வாண்டு என் நெஞ்சை விட்டு நீங்காதிருப்பது அறிவியல் வகுப்பில் கழிந்த ஒரு பிற்பகலே. அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நுண்ணுயிரிகளைப் பற்றிய பாடத்தை எங்கள் ஆசிரியை நூலைத் திறந்து தொடங்கவில்லை. ஒரு கண்ணாடிச் சீசாவில் குளத்து நீரை எடுத்து, அதில் சிறிது வைக்கோலை இட்டு, ஐந்து நாள் மேசைமேல் வைத்திருந்தார். ஆறாம் நாள் அந்நீரில் ஒரு சொட்டு நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்பட்டது. வகுப்பில் 42 பேர், நுண்ணோக்கியோ ஒன்றே. ஆளுக்கு அரை நிமிடம் என்று வரிசையில் நின்றோம். “கண்டதை வரையுங்கள். நூலில் இருப்பதை வரையாதீர்கள்” என்பது ஆசிரியையின் ஒரே கட்டளை. பலருடைய ஏடுகளில் செருப்பு வடிவமும், உட்கருவும், குறு இழைகளும் பெயர் குறித்து அழகாக அமைந்திருந்தன. என் தோழி ஒருத்தி மட்டும் இரண்டு புள்ளிகளையும் ஓர் அம்புக்குறியையும் வரைந்திருந்தாள். ஆசிரியை அந்த ஏட்டைத்தான் வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டினார்.

எனக்குக் கிடைத்த அரை நிமிடத்தில் சாம்பல் நிறமான ஒன்று விரைந்து வந்து வைக்கோல் துணுக்கில் முட்டியது, பின்வாங்கியது, சற்றே திரும்பி வேறு வழியே சென்றது. அது பாரமீசியம் என்றும், அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்றும் பின்னர் அறிந்தேன். நம் நூல்கள் ஓரறிவு உயிர்களைத் தாமாக இடம்பெயராதவை என்கின்றன. இதுவோ ஓடுகிறது, முட்டினால் திரும்புகிறது. “இதற்கு எத்தனை அறிவு?” என்று கேட்டேன். அது நீரில் கரைந்துள்ள பொருள்களை உணர்ந்து சிலவற்றை நோக்கிச் செல்லும், சிலவற்றை விட்டு விலகும் என்றார் ஆசிரியை. அதைச் சுவை என்று அழைப்பதா என்பதை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார்.

அன்று மாலை வீட்டில் பாட்டி வழக்கம்போல நீரை வடிகட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணியைப் பல மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி ஊற்றுவார். பிறகு அத்துணியைத் தனியே நீரில் அலசி, அந்நீரைக் கொல்லைப்புறத் தொட்டியில் விடுவார். இப்போது வருவது குழாய் நீர்தான். ஆயினும் வழக்கம் நிற்கவில்லை. நம் இல்லங்கள் பலவற்றிலும் இது உண்டு.

நம் முன்னோர் நுண்ணோக்கி இல்லாமலே கிருமிகளை அறிந்து நோயைத் தடுக்கவே நீரை வடிகட்டினர் என்று மேடைகளில் கூறக் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வகுப்பில் எந்தக் கூற்றுக்கும் முதற்கேள்வி, “எப்படித் தெரியும்?” என்பதே. நம் ஊர்ப்பக்கத்துத் திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு பிறந்த சர் சி. வி. ராமன் கேட்டதும் அதுவே. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ராலே பிரபு என்னும் பேரறிஞர் கூறியிருந்தார். 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய ராமன், நிக்கோல் பட்டகம் என்னும் சிறு கருவியால் நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை விலக்கிவிட்டுக் கடலை நோக்கினார். நீலம் மறையவில்லை. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டார். அந்த வழியில் தொடர்ந்த ஆய்வே அவருக்கு 1930-இல் நோபல் பரிசைத் தந்தது.

ஆகவே நானும் பாட்டியின் துணியை ஆசிரியையிடம் கொண்டு சென்றேன். புதிய பருத்தித் துணி ஒன்றையும், பாட்டியின் பழஞ்சேலைத் துண்டு ஒன்றையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம். புதிய துணியில் இழைகளுக்கிடையே சன்னல்போல இடைவெளி தெரிந்தது. பலமுறை துவைத்த சேலையில் இழைகள் பிசிறாகிப் பஞ்சுபோல் விரிந்து அந்தச் சன்னல்களைப் பாதி மூடியிருந்தன. (நுண்ணுயிர்களை 1670-களில் முதன்முதலாகக் கண்டு எழுதிய டச்சுக்காரர் லேவன்ஹூக் துணி வணிகர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

இதற்கு ஆய்வுச் சான்று உண்டா என்று கேட்டபோது ஆசிரியை ஒன்றைக் கூறினார். வங்கதேசத்தில் மத்லப் பகுதியில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 65 கிராமங்களுள் சிலவற்றில் ரீட்டா கால்வெல் என்னும் அமெரிக்க அறிவியலாளரும் அவர்தம் குழுவினரும் பழஞ்சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டச் செய்தனர். அவ்வாறு செய்த ஊர்களில் காலரா 48 விழுக்காடு குறைந்தது. முடிவு 2003-இல் வெளியாயிற்று. காலராக் கிருமி இரண்டு மூன்று மைக்ரோமீட்டர் நீளமே உடையது; தனியே வந்தால் துணியைக் கடந்துவிடும். ஆனால் அது துடுப்புக்காலிகள் எனப்படும் மிதவை உயிரிகளின்மேல் கூட்டமாக ஒட்டி வாழ்வது. ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டவற்றை மடித்த துணி நிறுத்திவிடும். துடுப்புக்காலி நின்றால், அதன்மேல் ஏறி வந்த கிருமியும் நின்றது.

எனவே துணி வீணன்று. ஆனால் பாதிதான். இதைக் கொண்டு முன்னோர் கிருமியை அறிந்திருந்தனர் என்று கூற எனக்கு மனம் வரவில்லை. நோய்க்கு அஞ்சியிருந்தால் அவர்கள் துணியில் தங்கியதைத் தரையில் உதறியிருப்பார்கள். அதை நீரிலேயே திரும்ப விட்டார்கள். காப்பாற்ற நினைத்தது தம்மையன்று. துணியில் சிக்கிய உயிரை. அந்தக் காரணத்திற்கு மருத்துவச் சான்றிதழ் எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

எனக்கு விடை தெரியாத இடம் இதற்கப்பால் உள்ளது. சென்ற மழைக்காலத்தில் தம்பி வயிற்றுப்போக்கால் மூன்று நாள் துவண்டு கிடந்தான். கொதிக்கவைத்து ஆறிய நீரே தர வேண்டும் என்றார் மருத்துவர். வடிகட்டிய நீர் அடுப்பேறியது. துணியில் நின்ற உயிர்களைத் தொட்டியில் விட்டுவிட்டுத் துணியைக் கடந்தவற்றைப் பானையில் கொதிக்கவைக்கிறோமே என்று பாட்டியிடம் கேட்டேன். முனிவர்களும் கொதித்து ஆறிய நீரையே ஏற்கின்றனர், அந்நீரில் குறித்த காலம்வரை புதிய உயிர்கள் தோன்றி மடிவதில்லை என்பர், இல்லறத்தார்க்கு அணுவிரதம், துறவியர்க்கே மஹாவிரதம் என்று எனக்கு முன்பே தெரிந்தவற்றைச் சொன்னார். பிறகு சற்று நேரம் பேசவில்லை.

“தெரியாத வரைக்கும் துணியோட என் வேலை முடிஞ்சுது, கண்ணு. இப்ப உனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே நீதான் யோசிக்கணும்” என்றார்.

நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். செய்ய முடிந்தது சிறிதே. முன்பு நாள்தோறும் ஆறு லிட்டர் கொதிக்கவைத்துப் பாதியை மறுநாள் கீழே ஊற்றினோம். ஒரு வாரம் அளந்து பார்த்ததில் எங்கள் வீட்டுக்கு நான்கு லிட்டர் போதும் என்று தெரிந்தது. இப்போது நான்கே கொதிக்கிறது. கையை விட்டு முகந்தால் கிருமி மீண்டும் புகும். திரும்பவும் கொதிக்கவைக்க நேரும். ஆகவே மூடிய பானை, நீண்ட காம்புள்ள கரண்டி. பாட்டி இதற்கு உடனே இசைந்தார். தம்பிதான் கரண்டியைத் தொலைத்துக்கொண்டே இருக்கிறான்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். இவ்வறக்கட்டளை ஆண்டுதோறும் மாணவர்க்கு ஏடுகளும் வடிவியல் பெட்டிகளும் வழங்குகிறது, நானும் பெற்றிருக்கிறேன். மீரட்டில் பிறந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் மனு பிரகாஷ் என்னும் அறிவியலாளரும் அவர்தம் மாணவரும் காகிதத்தை மடித்தே செய்யத்தக்க ‘ஃபோல்டுஸ்கோப்’ என்னும் நுண்ணோக்கியை 2014-இல் உலகிற்கு அறிவித்தனர். அது ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். பாரமீசியத்தைக் காண அது போதும். விலையும் மிகக் குறைவு. வரும் ஆண்டு ஏடுகளின் எண்ணிக்கையைச் சற்றே குறைத்து, 20 காகித நுண்ணோக்கிகள் வாங்கித் தர இயலுமா என்று பெரியோர்கள் கருதிப் பார்க்க வேண்டுகிறேன். எங்கள் வகுப்பில் இருவருக்கு ஒன்று என்று ஏறக்குறைய வந்துவிடும். அரை நிமிடம் என்னும் கணக்கும் தேவைப்படாது.