கிணற்றடியில் ஊற்றிய ஒயில்

(எமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சமயச் சொற்பொழிவு கேட்க வந்த சபையிலே மோட்டார் ஒயிலைப் பற்றிப் பேச எழுந்த எம்மைக் கண்டு சிலர் முறுவலிப்பது தெரிகிறது. முறுவலிக்கட்டும். சென்ற சிரமதானத்தின்போது, கறையான் ஏறாதிருக்கவென்று எமது மண்டபத்து வேலித் தூண்களுக்குக் கழிவு ஒயில் பூசியவர்கள் நாமே. எஞ்சிய அரை வாளியைக் கிணற்றடி வாழைக்குள் ஊற்றிவிட்டு, கை கழுவி மோதகம் உண்ணப் போனவர்களும் நாமே. அன்று அது தவறென்று எம்முள் எவருக்கும் தோன்றவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை செம்மண்ணூடாக இறங்கி, கீழேயுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. குடிப்பதும் அந்நீரே, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பதும் அந்நீரே. களிமண் நிலத்திலே கசிவு மெல்லச் செல்லும். இக்கல்லிலோ வெடிப்பு வழியே விரைந்து ஓடிவிடும். எமது வளவில் ஊற்றியது அயலவர் கிணற்றுக்குப் போகாமல் எந்த வேலி தடுக்கும்?

சுன்னாகத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே மின் நிலையமொன்றின் கழிவு எண்ணெய் நிலத்தில் இறங்கி, 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுற்றியுள்ள ஊர்க் கிணறுகளில் படலமாக மிதந்தது. தம் முற்றத்திலே கிணறிருக்க, பவுசர் வரும் வழியைப் பார்த்து வாளிகளோடு காத்திருந்தனர் மக்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019ஆம் ஆண்டிலே அந்நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. அப்போது நாமெல்லாரும் கொதித்தோம், கொதித்ததும் நியாயமே. ஆனால் எமது அரை வாளியை எவர் எண்ணினார்?

புதிய ஒயிலிலும் இயந்திரத்தில் ஓடிக் கறுத்த ஒயில் கொடியது. தேய்ந்த உலோகத் துகள்களும், ஒயிலில் முன்பே கலந்துள்ள நாகமும், எரிதலால் உண்டாகும், புற்றுநோய் விளைக்கவல்ல சேர்மங்களும் அதில் உள. (பெற்றோலில் ஈயம் கலப்பது 2002இல் இந்நாட்டில் நின்றமையால் ஈயம் மட்டும் முன்னையிலும் குறைவு.) மண்ணிலே விழுந்ததும் அது மணிகளைச் சுற்றிப் படர்ந்து காற்றையும் நீரையும் தடுக்கிறது. நுண்ணுயிர்கள் எண்ணெயை உண்டு தீர்க்கும் என்பது மெய்தான். ஆயினும் அவற்றுக்கும் காற்று வேண்டும், பயிருக்குரிய தழைச்சத்தையும் அவை எடுத்துக்கொள்ளும். எமது வாழை மஞ்சளித்ததற்கு உரக்குறையென்று சாணம் போட்டுப் பார்த்தோம்!

ஒரு காரில் ஒரு தடவை மாற்றும் ஒயில் 10 இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கக் கூடுமென அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் கூறுகிறது. மோட்டார் சைக்கிளுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர்தான். ஆனால் எத்தனை மோட்டார் சைக்கிள்கள்! முன்னர் துலா மிதித்த கிணற்றடியிலேயே நீர் இறைக்கும் இயந்திரமும் வந்தமர்ந்தது. அதன் ஒயிலை மாற்றுவதும் அவ்விடத்திலேயே. இதுதான் எமக்குப் பேரச்சம் தருகிறது.

கறையானுக்கு வேறென்ன செய்வது என்று பெரியவர் ஒருவர் கேட்டார். கொங்கிறீற்றுத் தூண் நடலாம். செலவு கூடுதலென்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இனி, மண்டபத்தின் பின்புறத்தில், சீமெந்துத் தரையில், மூடியுள்ள பீப்பா ஒன்று வைத்திருக்கிறோம். கழிவு ஒயிலைக் கலனில் அடைத்துக் கொண்டுவாருங்கள். நீரோ பெற்றோலோ கலக்க வேண்டாம்; கலந்தால் மறுபடி சுத்திகரிக்க உதவாது. நிறைந்ததும் உரிமம் பெற்றுச் சேகரிப்பவரிடம் கொடுப்போம். கராஜ் வைத்திருக்கும் தம்பிமார் இருவர் இப்போதே உடன்பட்டுவிட்டனர்.

வாழையடியிலே கறுத்த மண்ணை முழங்கையாழம் அகழ்ந்து நான்கு உரப்பைகளில் கட்டி, அதே தரையில் மழை படாமல் வைத்துள்ளோம். அவற்றை எங்கே ஒப்படைப்பதென்று எழுதிக் கேட்டிருக்கிறோம். மறுமொழி வரும்வரை பைகளை எவரும் அவிழ்க்க வேண்டாம்.