மிளாற்றிலிருந்து ஹைட்ரஜன்
(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



அறுவடைக்குப் பின் எஞ்சும் பருத்தி மிளாறு, துவரை மிளாறு, கடலைத் தோல் ஆகியவற்றில் ஒரு பகுதியை அடுப்பெரிக்கிறோம். மிகுந்ததை வயலிலேயே கொளுத்திவிடுகிறோம். இவற்றிலிருந்து ஹைட்ரஜன் என்னும் எரிவாயுவைப் பெறலாம். அது எரிந்தால் புகையில்லை; நீராவியே மிஞ்சும். எடைக்கு எடை, பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பம் தரவல்லது.

இதன் முறை யாது? உலர்ந்த மிளாற்றைத் துண்டாக்கி, மூடிய கலனில் இட்டு, முற்றிலும் எரிந்துவிடாதபடி பிராணவாயுவை அளவோடு செலுத்தி, நீராவியையும் பாய்ச்சுகின்றனர். 700 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்தில் அது ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்ஸைடும் கலந்த வாயுவாகிறது. மீண்டும் நீராவியுடன் சேர்க்க, மேலும் ஹைட்ரஜன் பிறக்கிறது. பின்னர் அதைத் தனியே பிரித்தெடுக்கின்றனர். ஒரு கிலோ உலர்ந்த தாவரப் பொருளில் அடங்கியுள்ள ஹைட்ரஜன் சுமார் 60 கிராமே. ஆயினும் நீராவியின் துணையால் 100 கிராம் பெறமுடியும் என்று பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 2022-ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

இது குடிசைத் தொழிலன்று. கார்பன் மோனாக்ஸைடு மணமற்ற நஞ்சு. ஹைட்ரஜனோ எளிதில் தீப்பற்றுவது. ஆகவே, ஆலை நடத்துவது பயிற்சி பெற்றோர் பணி. மூலப்பொருள் தருவதே நம் பங்கு. தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அரசு 2023 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. தாவரப் பொருளிலிருந்து பெறும் ஹைட்ரஜனும், உரிய வரம்புக்கு உட்பட்டால், பசுமை ஹைட்ரஜன் என்றே கொள்ளப்படும். எனவே, மிளாறு கேட்டு நம் ஊருக்கும் ஆள் வரக்கூடும். அன்று நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

முதலில் கால்நடையின் பங்கை ஒதுக்குவோம். வைக்கோலையும் சோளத்தட்டையும் விற்றுவிட்டுத் தீவனத்துக்கு அலைவது இலாபமாகாது. அடுத்தது மண்ணின் பங்கு. நெற்பயிர் உறிஞ்சும் சாம்பல் சத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்குகிறது; அதை முழுவதும் வெளியூருக்கு அனுப்பினால் உரச் செலவு ஏறும். மூன்றாவது, மிளாறு பொறுக்கி அடுப்பெரிக்கும் ஏழைக் குடும்பங்களின் பங்கு. இம்மூன்றும் போக எஞ்சுவதே விற்பனைக்குரியது. சாணம் போன்ற ஈரப்பொருளுக்குச் சாண எரிவாயுக் கலனே ஏற்றது.

விலையிலும் விழிப்பு வேண்டும். நூற்றுக்கு 40 பங்கு ஈரமுள்ள ஒரு டன் மிளாற்றில் உலர்ந்த பொருள் 600 கிலோவே. ஆதலால் நன்கு உலர்த்தி, ஈரத்தை அளந்து, எடையை நம் முன்னிலையிலேயே பார்த்து, உலர்ந்த எடைக்கு விலை பேசுதல் நலம். பொது நிலத்துச் சீமைக் கருவேலத்தைப் பற்றிய பேச்சுவார்த்தை எதுவும் கிராம சபையின் முன் நடைபெறட்டும்.

எந்தப் பயிரில் எவ்வளவு மிஞ்சுகிறது, எவ்வளவு கொளுத்தப்படுகிறது என்று இந்த அறுவடையிலேயே வார்டு வாரியாகக் கணக்கெடுப்போம். கணக்கு நம் கையில் இருந்தால், விலையைப் பேசும் உரிமையும் நம்மிடமே இருக்கும்.