ஆப்பிளில் கசப்புப் புள்ளி

ஆப்பிள் தோலில் சின்னச் சின்னப் பள்ளமாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் நறுக்கிப் பாருங்கள். அடியில் சதை தக்கைபோல உலர்ந்து கசக்கும். புழு பூச்சியின் வேலை அல்ல இது. பழத்துக்குக் கால்சியம் போதவில்லை.

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1991-இல் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப் அருமையான ரகம். அதற்கும் இந்தக் கசப்புப் புள்ளிதான் பெரிய தலைவலி. மண்ணில் கால்சியம் தாராளமாக இருந்தும் வருகிறது! காரணம், கால்சியம் தண்ணீரோடுதான் மரத்தில் ஏறும். நீரை அதிகம் ஆவியாக்கும் இலைகளே பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். அங்கே போனது பழத்துக்குத் திரும்பாது. பிஞ்சு தன் பங்கைப் பெரும்பாலும் பூ உதிர்ந்த முதல் சில வாரங்களில் வாங்கிக்கொள்கிறது. அப்போது மண்ணைக் காயவிட்டு, பிறகு வெள்ளமாகப் பாய்ச்சினால் ஈடாகாது.

காய் பெருக்கட்டும் என்று யூரியாவை அள்ளிப் போடுவதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. தழைச்சத்து மிஞ்சினால் கொழுந்துதான் கொழுக்கும். கால்சியமும் அங்கேயே போகும். பொட்டாஷ் மிஞ்சினாலும் தொல்லைதான். அளவான உரம், சீரான சொட்டுநீர் முதலில் வேண்டும். கூடவே கால்சியம் குளோரைடு கரைசலைப் பருவத்தில் பலமுறை தெளிக்கிறார்கள். இலையில் பட்டுப் பயனில்லை, காய் நனையவேண்டும்.