தலையைத் திருப்பிப் பார்க்கும் குழந்தை

பிறந்த இரண்டு மூன்று மாதங்களில் சில குழந்தைகளின் கண்கள் இடமும் வலமுமாக ஓயாமல் ஆடத் தொடங்கும். டாக்டர்கள் இதை நிஸ்டாக்மஸ் என்போம். சில குடும்பங்களில் இது பரம்பரையாக வரும். எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்.ஆர்.எம்.டி.7 மரபணுவின் பிழை ஒரு காரணம் என்று 2006இல் கண்டறிந்தார்கள். அதனால்தான் சில குடும்பங்களில் அம்மாவின் கண் ஆடாமல் இருக்கும். தாய்மாமனுக்கும் மகனுக்கும் ஆடும். கிரகணத்தில் வெளியே வந்ததால்தான் இப்படி என்று அந்தத் தாயைக் குறை சொல்லாதீர்கள், தயவுசெய்து.

ஒரு பாட்டி, கண் ஆடும் பேரனை அழைத்து வந்தார். “எப்பப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் டி.வி. பாக்குறான் டாக்டர். நேராப் பாருடான்னு தலையில தட்டுறோம், கேக்க மாட்டேங்குறான்” என்றார். பையனின் தலையை நேராகப் பிடித்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். நடுவிலேயே நின்றுவிட்டான். “உன் இஷ்டப்படி பாரு” என்று கையை எடுத்தேன். முகத்தை இடப்பக்கம் திருப்பி, கண்ணை வலக்கோடிக்குக் கொண்டுபோய், அடுத்த இரண்டு வரிகளையும் படித்தான்! “அப்ப இனிமே தட்டக் கூடாதா?” என்று பாட்டி கேட்டார்.

கூடவே கூடாது. இப்படிக் கண் ஆடும் பலருக்கு, ஏதோ ஒரு திசையில் பார்க்கும்போது ஆட்டம் குறையும். அந்த இடத்தை யாரும் சொல்லித்தராமலே குழந்தை கண்டுபிடித்துக்கொள்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது வியப்புதான். கழுத்து மிகவும் திரும்பியிருந்தால், கண்தசைகளை இடம் மாற்றித் தைத்து அந்த இடத்தை முன்பக்கம் கொண்டுவரலாம். மெல்போர்னில் ஆண்டர்சனும் நியூயார்க்கில் கெஸ்டன்பாமும் 1953இல் தனித்தனியே எழுதிய வழி இது.

‘குழந்தைக்கு உலகமே ஆடுமா?’ என்று கேட்பீர்கள். பிறவியிலேயே வந்தால் பெரும்பாலும் ஆடாது, மூளை பழகிவிடுகிறது. பெரியவர்களுக்குத் திடீரெனக் கண் ஆடி, பார்ப்பதெல்லாம் அசைந்தால் அது வேறு. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பிறவியில் வரும் ஆட்டத்தை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. காபாபென்டின், மெமன்டின் மாத்திரைகள் சிலருக்கு ஆட்டத்தைக் குறைக்கின்றன. சரியான கண்ணாடியும் கான்டாக்ட் லென்சும் உதவும். விழித்திரையிலோ கண் நரம்பிலோ கோளாறு இருந்தாலும் கண் ஆடலாம் என்பதால் முதலில் முழுப் பரிசோதனை அவசியம்.

கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களே, முகத்தை இடப்பக்கம் திருப்பிப் பார்க்கும் பிள்ளையை வகுப்பின் இடப்பக்கம், முன்வரிசையில் உட்கார வையுங்கள். கரும்பலகை அவனுக்கு வலப்பக்கமாக அமைந்துவிடும். நாளைக் காலையே செய்வீர்கள் என்று நம்புகிறேன்.