பசியாறாத பசி

(தோட்ட மண்டபத்தில் கூடிய தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலை உணவை நாம் ‘பசியாறுதல்’ என்கிறோம். எவ்வளவு அழகான சொல்! ஆனால் உண்டும் பசி ஆறாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கூலி போதாமையால் வரும் பசியைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று பேச வந்தது இனிப்பு நீர் வியாதிக்காரரின் பசியைப் பற்றி.

நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர். இனிப்பு நீர் என்று டாக்டர் சொன்ன நாள் முதல் அவருக்கு வீட்டில் ஏச்சுதான். “இப்போதுதானே சாப்பிட்டீங்க மாமா, அதற்குள் என்ன பசி?” என்பாள் மருமகள். கிளினிக்கிலோ, “வாயைக் கட்டத் தெரியாதா?” என்று பத்துப் பேர் நடுவே கேட்டார்கள். வெட்கப்பட்டு அங்கே போவதையே அவர் நிறுத்திவிட்டார். காலில் பட்ட சிறு புண் ஆறாமல் பெருத்த பிறகே நமக்கெல்லாம் விஷயம் தெரிந்தது.

இது ஒருவர் கதை மட்டுமன்று. 2019-இல் மலேசியாவில் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் இவ்வியாதி இருப்பதாகக் கண்டது. இந்தியரிடையே இன்னும் அதிகம். ஆகவே இந்தப் பசி எங்கிருந்து வருகிறது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோழர்களே, பசியை நடத்துவது நாக்கு மட்டுமல்ல. உடம்புக்குள் சில தூதர்கள் ஓடுகிறார்கள். ஹார்மோன் என்று டாக்டர்கள் சொல்வது அவர்களைத்தான். இரைப்பை காலியானதும் ‘உண்’ என்று மூளைக்குச் சொல்வது கிரெலின். 1999-இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா என்னும் அறிஞர்கள் கண்டறிந்தது. உடம்பின் கொழுப்பிலிருந்து புறப்பட்டு, ‘சேமிப்பு போதும்’ என்று சொல்வது லெப்டின். 1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டது. உணவு குடலில் இறங்கியதும் ‘நிறுத்து’ என்பது ஜி.எல்.பி. 1. கணையத்திலிருந்து இன்சுலினோடு சேர்ந்து வரும் அமைலினும் அதையே சொல்கிறது.

உடல் பருத்து இனிப்பு நீரும் கண்டவரிடம் கிரெலின் மிகுந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலும் அது குறைந்தே இருக்கிறது! ஆனால் உண்டபின் இறங்க வேண்டிய அளவு இறங்குவதில்லை. லெப்டினோ ஏராளம், மூளைதான் அதைக் கேட்பதில்லை. ஸ்டோர் நிறைந்துவிட்டது என்று கிராணி சீட்டு எழுதி அனுப்புகிறார். ஆபீஸில் அதைப் பிரித்துப் பார்ப்பாரில்லை. சரக்கு மேலும் மேலும் வந்து இறங்குகிறது. தவறு கிராணி மேலா?

வியாதி முற்ற முற்ற இன்சுலினோடு அமைலினும் குறைகிறது. இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் தசைக்குப் போதிய அளவு போய்ச் சேராமல், சிறுநீரில் கழிகிறது. மனிதர் உண்டுகொண்டே மெலிகிறார். இவரையா பெருந்தீனிக்காரர் என்பது?

தூக்கம் கெட்டாலும் தூதர்கள் தடுமாறுவார்கள். 2004-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 12 வாலிபர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரமே படுக்க விட்டார்கள். நிறையத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டால் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. அவர்கள் நோயற்ற வாலிபர்கள்! விடியுமுன் எழுந்து வெட்டுக்குப் போகும் நாம், நள்ளிரவு வரை விழித்திருந்தால் என்ன ஆகும்?

இனி, செய்யத் தக்கதைச் சொல்லுகிறோம்.

இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு மரத்துக்குப் போகாதீர்கள். வியர்த்து, கை நடுங்கி, திடீரென்று பசி எடுத்தால் அது சர்க்கரை இறங்கிய பசி; ஆபத்தானது. உடனே 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சீனிப் பொட்டலம் எப்போதும் பையில் இருக்கட்டும்.

மரம் வெட்டி முடித்துப் பால் வடியும் நேரத்தில் அவசரமாக விழுங்காதீர்கள். ‘போதும்’ என்னும் செய்தி மூளைக்கு எட்டச் சற்று நேரமாகும். கீரை, பருப்பு, மீன் முதலில், சோறு பிறகு. கெட்டிப்பால் தேநீரைக் குறையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அமெரிக்கப் பாலைவனத்து ஹீலா என்னும் நச்சுப் பல்லியின் வாய்நீரில் ஜி.எல்.பி. 1 போன்ற பொருளைக் கண்டார் ஜான் எங் என்னும் டாக்டர். நம் குடலில் சுரப்பது சில நிமிடங்களில் அழிந்துவிடும். பல்லியினது நெடுநேரம் நிற்கும். அதிலிருந்து வந்த மருந்து 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் வழியில் பின்னும் பல ஊசிகள் வந்துள்ளன, பசியை அடக்குகின்றன. ஏழைக்கு எட்டும் விலையில் அவை வரவேண்டும். யாருக்கு ஏற்றது என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

ஊசிக்கு முன்னே நாம் காசில்லாமல் கொடுக்கக்கூடிய மருந்து ஒன்று உண்டு. வியாதிக்காரரை ஏசாதிருப்பது! கிளினிக் நாளில் அவர் வெட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் முன்வரட்டும். அந்த நாளின் கூலி போகாதிருக்க நாம் ஒன்றாய்க் கேட்போம். நாம் சொன்ன பெரியவர் இப்போது மறுபடியும் கிளினிக் போகிறார். கூட்டிப் போகிறவள் அந்த மருமகள்தான்.