சொல்லியும் கேளாதது ஏன்?

(மாணவர் தமிழ் மன்றத்தில் ஆற்றிய உரை)



மேற்படிப்பைப் பற்றி என்னிடம் கேட்க வந்த மாணவி ஒருத்தி, "ஐயா, உளவியலும் சூழல் நிலைபேற்றியலும் இணைந்த முனைவர் பட்டப் படிப்பு வெளிநாடுகளில் உண்டாமே! அதைப் படிக்க விரும்புகின்றேன். இரண்டு தோணியில் கால்வைக்காதே என்கின்றனர் வீட்டார்" என்றாள். நிலைபேற்றியல் என்பது, நீரும் நிலமும் காற்றும் பின்வரும் தலைமுறையினர்க்கும் குன்றாது நிற்குமாறு வாழும் முறையை ஆராயும் அறிவு. அதற்கும் உள்ளத்தை ஆராயும் துறைக்கும் என்ன தொடர்பு? அன்று நான் தெளிவாக விடையிறுக்கவில்லை. இன்று விடை கூற முற்படுகின்றேன்.

முதற்கண் என் குறையைச் சொல்லிவிடுகின்றேன். முப்பதாண்டுகளாக ஆசிரியப் பணியில் இருக்கின்றேன். வகுப்பறையில் குப்பையைக் கண்டால், "இப்பள்ளியில் ஒருவர்கூடக் குப்பையைக் கூடையில் இடுவதில்லை" என்று கடிந்துகொள்வது என் வழக்கம். குப்பை குறைந்தபாடில்லை. குறை மாணவரிடத்தது என்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைத் தகர்த்தது அரிசோனாவில் நிகழ்ந்த ஓர் ஆய்வு.

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில் கல்மரக் காடு என்றொரு நாட்டுப் பூங்கா உள்ளது. 20 கோடி ஆண்டுகட்கும் முன் வாழ்ந்து, மண்ணுட் புதைந்து, கல்லாய் இறுகிய மரங்களின் துண்டுகள் அங்குச் சிதறிக் கிடக்கின்றன. காண வருவோர் ஆளுக்கொரு துண்டை எடுத்துச் செல்வதைத் தடுக்க, "ஆண்டுதோறும் 14 டன் கல்மரம் களவு போகின்றது" என்னும் கருத்துப்பட ஒரு பலகை வைத்திருந்தனர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக உளவியற் பேராசிரியர் இராபர்ட்டு சியால்தினியின் பழைய மாணவர் ஒருவர், தாம் மணக்கவிருந்த பெண்ணுடன் அங்குச் சென்றார். கடன்வாங்கிய சிறு பொருளையும் தவறாது திருப்பித் தரும் நேர்மையினள் அப்பெண். பலகையைப் படித்தவுடன் அவள், தீர்ந்துபோகுமுன் நாமும் எடுத்துக்கொள்வோம் என்னும் பொருள்பட மெல்ல உரைத்தாளாம்!

சியால்தினி இதனை ஆய்ந்தறிய முற்பட்டார். குறியிட்ட கல்மரத் துண்டுகளைப் பாதையோரங்களில் இட்டனர். முன்பு வந்தோர் பலர் எடுத்துச் சென்றனர் என்று வருந்திய பலகை நின்ற இடத்தில் 7.92 விழுக்காட்டுத் துண்டுகள் களவுபோயின. எடுக்கவேண்டா என்று மட்டும் வேண்டிய பலகை நின்ற இடத்திலோ 1.67 விழுக்காடே போயிற்று.

கருத்தூன்றி நோக்குங்கள்! முதற் பலகை களவைப் பழித்தது மெய்யே. ஆயினும், பழிக்கும்போதே, "எல்லாரும் இதைத்தான் செய்கின்றனர்" என்று உள்ளத்திற்குக் கற்பித்துவிட்டது. பழிப்பைக் காது கேட்டது. பலர் செய்கின்றனர் என்பதை உள்ளம் பற்றிக்கொண்டது. முப்பதாண்டுகளாக நான் வகுப்பில் நட்டு வைத்ததும் அம்முதற் பலகையே அன்றோ!

இத்தகைய உண்மைகளைக் கள ஆய்வால் நாட்டுவதே இப்படிப்பின் உயிர். இத்துறையின் வேர் அரைநூற்றாண்டுக்கும் மேற்பட்டது. நியூயார்க்கு நகரப் பல்கலைக்கழகம் சூழல் உளவியலில் முனைவர் பட்டப் படிப்பை 1968-லேயே தொடங்கிற்று. நிலைபேற்றியற்கென்றே ஒரு கல்விப்புலத்தை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2006-இல் அமைத்தது.

மற்றோர் ஆய்வைக் கேளுங்கள். கலிபோர்னியாவில் சான் மார்க்கோசு என்னும் ஊரில் ஏறத்தாழ 290 வீடுகளின் மின்னாற்றற் செலவை வெசுலி சுல்ட்சு என்பாரும் அவர்தம் குழுவினரும் கணக்கிட்டனர். ஒவ்வொரு வீட்டார்க்கும் அவர்தம் செலவையும் அக்கம்பக்கத்து வீடுகளின் நிரவல் அளவையும் எழுதியறிவித்தனர். மிகுதியாய்ச் செலவிட்டோர் குறைத்துக்கொண்டனர். ஆனால், முன்பே சிக்கனமாய் இருந்தோர், "நாம் மட்டும் ஏன் குறைக்கவேண்டும்?" என்றாற்போலச் செலவைக் கூட்டிவிட்டனர்! எனவே, வேறு சில வீட்டார்க்கு அவ்வறிக்கையுடன், சிக்கனமாயிருப்பின் புன்னகை முகமும், மிகையாய்ச் செலவிடின் வாடிய முகமும் வரைந்தனுப்பினர். அங்கே சிக்கனமாயிருந்தோர் தம் சிக்கனத்தைக் கைவிடவில்லை. 2007-இல் வெளியான இவ்வாய்வைப் பின்பற்றி, அமெரிக்க மின்வழங்கு நிறுவனங்கள் பல இலக்கம் வீடுகட்கு இத்தகைய அறிக்கைகளை விடுத்தன. மிச்சம் ஏறத்தாழ 2 விழுக்காடு. சிறிதுதான், ஆயினும், ஒரு தாளால் விளைந்தது.

அங்ஙனமாயின் உளவியல் ஒன்றே போதாதோ எனின், போதாது. சாசீன் அத்தாரி என்பார் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று, மக்களின் எண்ணப்போக்கை ஆராயப் புகுந்தவர். அவரும் உடனாய்வாளரும் அமெரிக்க மக்கள் 505 பேரிடம், ஆற்றலைச் சேமிக்கச் சிறந்த வழி எது என்று வினவினர். விளக்கை அணைத்தல் போன்றவற்றையே பலர் கூறினர். குறைந்த ஆற்றலில் இயங்கும் கருவிகளைப் பொருத்துவதைச் சொன்னவர் சிலரே. கருவிகள் கொள்ளும் ஆற்றலையும் அவற்றால் மிச்சமாகும் ஆற்றலையும் மக்கள் உண்மையளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகவே மதிப்பிட்டிருந்தனர். 2010-இல் வெளிவந்த ஆய்வு இது.

இதனால் விளங்குவது யாது? உளவியல் மட்டும் கற்றவன், பயன் சிறுத்த செயலுக்கு மக்களை இணக்குவதில் தன் வாழ்நாளைச் செலவிடக்கூடும். சூழலறிவு மட்டும் கற்றவன், பெரும்பயன் தரும் வழியைக் கண்டுபிடித்து வைத்துவிட்டு, மக்கள் ஏன் ஏற்கவில்லை என்று திகைத்து நிற்கக்கூடும். எதை மாற்றவேண்டும் என்பதை ஓர் அறிவு காட்டும். எவ்வாறு மாற்றலாம் என்பதை மற்றோர் அறிவு காட்டும். இவை இரண்டு தோணிகள் அல்ல. ஒரே தோணியின் இரண்டு துடுப்புகள். ஒரு துடுப்பை மட்டும் வலித்தால் தோணி வட்டமிடும், கரை சேராது.

இப்படிப்பு எளிதன்று. புள்ளியியலும் கள ஆய்வும் கற்கவேண்டும்; கரியளவும் நீரளவும் கணக்கிடத் தெரியவேண்டும்; ஐந்தாண்டோ அதற்கு மேலோ பொறுத்திருக்கவேண்டும். இருதுறையாரும், "இவர் எம்மவர் அல்லர்" என்று ஒதுக்குதலும் நேரலாம். இவற்றை அறிந்தே இறங்கவேண்டும். அறிந்தும் விரும்பினால், மகளே, தயங்காது செல்!

நானும் என் பலகையை மாற்றிவிட்டேன். "ஒருவரும் இடுவதில்லை" என்பதை விடுத்து, கூடையில் இட்டோரைச் சுட்டி, "இவர்கள் இட்டனர், நீங்களும் இடுங்கள்" என்கின்றேன். "குப்பை குறைந்ததா?" என்று கேட்பீர்கள். குறைந்தாற்போல் எனக்குத் தோன்றுகின்றது. ஆயின், தோன்றுவது வேறு. எண்ணிக் காண்பது வேறு. எண்ணிக் கண்டு, "ஐயா, நீங்கள் நினைத்தது தவறு" என்றோ "சரி" என்றோ என்னிடம் வந்து சொல்ல, உங்களுள் ஒருவரேனும் இத்துறையைக் கற்று வருக!