பத்து பி.ஏ.



ஆரம்பக் கல்வியா, உயர்கல்வியா, அரசு எதற்கு முதலிடம் தரணும்னு பேசச் சொன்னாங்க. நான் பேராசிரியன் இல்லை. வங்கியில் கிளார்க்; கவிதையும் எழுதுகிறவன். கவுண்டரிலிருந்து பார்த்ததைச் சொல்றேன்.

2011 கணக்கெடுப்பில் நம்ம குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். கைநாட்டு வைத்த அம்மைமாரின் பிள்ளைகள் இன்று கையெழுத்துப் போடுறாங்க. ஆனா கடன் மனு நிரப்ப இன்னொருத்தனைத் தேடுறாங்க. எழுத்து வந்தாச்சு, அதிகாரம் வரலை.

'கல்லூரிக்குக் கொட்டுகிற பணம் ஏற்கெனவே படித்த சாதிகளுக்கே போகிறது. ஆகவே ஆரம்பப் பள்ளிக்கே முதலில் கொடு' என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் இந்த 'முதலில்' என்ற சொல்லை நம்பி நாம் பட்டது போதும்.

கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் 1817இல் ஆணையிட்டார். தொண்ணூறு ஆண்டு கழித்தும் புலையர் பிள்ளைக்கு அரசுப் பள்ளி வாசல் திறக்கவில்லை. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அய்யன்காளி, எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாவிட்டால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று வேலைநிறுத்தம் நடத்தித்தான் அந்த வாசலை அசைத்தார்.

அரசியல் சட்டம் 1950இல் பத்தாண்டுக் கெடு வைத்தது: பதினாலு வயதுவரை எல்லாருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி. அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில். அறுபது வருஷம்! அதுவரை கல்லூரிப் படிப்பைத் தள்ளிவைத்திருந்தா நம்மில் ஒரு வக்கீல், ஒரு டாக்டர் வந்திருப்பாங்களா? அம்பேத்கர் தள்ளிவைக்கலை. 1945இல் மக்கள் கல்விக் கழகம், மறுவருஷமே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி.

1937இல் காந்தி வெங்ஙானூர் வந்தபோது, பள்ளிக்கூடமே போகாத அய்யன்காளி தன் ஆசையைச் சொன்னார்: தன் சமூகத்தில் பத்து பி.ஏ. பார்க்கணும். ஒன்றாம் வகுப்புக்குச் சண்டை போட்டவரும் அவர்தான். அவருக்கு இரண்டும் ஒரே ஏணி.

எங்க வீட்டில் முதல் பட்டதாரி நான். ஒன்றாம் வகுப்பில் நான் விழலை; அது இலவசம். விழப் பார்த்தது கல்லூரியில். உதவித்தொகை வராத மாசங்களில், அம்மை முந்திரி ஆலையில் கொட்டை உடைத்த கூலிதான் என்னைத் தாங்கிச்சு.

ஆகவே தோழர்களே, எது முதலில் என்று கேட்கிறவனிடம் நாம் திருப்பிக் கேட்போம்: ஊர்ப் பள்ளியை மூடாமலிருப்பாயா? ஆசிரியர் போடுவாயா? அங்கிருந்து ஏறிவருகிற பிள்ளைக்குக் கல்லூரி உதவித்தொகையை உரிய மாசத்தில் கொடுப்பாயா?

ஏணியில் கீழ்ப்படி மட்டும் போதும் என்கிறவன், நாம் மேலே வருவதை விரும்பாதவன்.